முதலில் வறளும் நாடு

கௌரியின் கல்யாண எழுத்து முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. தாலி கட்டு தை மாதத்தில்தான். ஆனால் கத்தாரில் வேலை செய்யும் மாப்பிள்ளையோடு போய்ச் சேரும் விசா அலுவலுக்காகப் பதிவாளர் முன்னால் கையெழுத்தை முந்தி வைத்தாயிற்று. அதைக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து விசாலியும் அப்பாவும் வெள்ளவத்தைக்கு வந்திருந்தார்கள். பெரியப்பாவின் மகளான கௌரி, சோறு போட முன்னமே போனை நீட்டினாள்.

"இது எங்கட பல்கனி. அங்கால தெரியிறது தோஹாக் கடல்."

எங்கட! விசாலிக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குவைத்தில் கணக்காளராக இருக்கும் ராம். அவன் அனுப்பிய ஒரே படத்தில் புழுதிப் புயலும் மஞ்சளாகிப்போன ஒரு யன்னலும்தான். கீழே, 'இப்ப என்ன புத்தகம் வாசிக்கிறீங்கள்?' என்று கேட்டிருந்தான். அந்த ஒரு கேள்விக்காகவே அவனைக் கட்டுவதென்று அவள் முடிவெடுத்திருந்தாள். என்றாலும் அந்த நீலக் கடலுக்குப் பக்கத்தில் மஞ்சள் யன்னலை எப்படி வைப்பது?

மொழிபெயர்ப்பு நாவல்களில் எத்தனையோ நகரங்கள் அழிவதை உள்ளேயிருந்து பார்த்தவள் அவள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா குடிக்கிறதும் அந்தக் கடலைத்தானே. உப்பெடுக்கிற மெசின் நிண்டால்?"

"உன்ர ராம் மட்டும் என்ன, மகாவலி ஆத்தையோ குடிக்கிறார்?"

"குவைத்தில இருந்து தரையால ரெண்டு நாட்டுக்குப் போகலாம். கத்தாருக்கு ஒரே ஒரு எல்லை. அதையும் ஒருக்கா பூட்டினவங்கள். பாலுக்கு மாட்டைப் பிளேனில ஏத்தின நாடு, அக்கா!"

"காஸ் தட்டுப்பாட்டில சிலிண்டரோட றோட்டில படுத்த ஆக்கள் நாங்கள். நீ தோஹாவுக்குச் சாத்திரம் சொல்லுறாய்."

பெரியம்மா குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு விசாலியை இன்னும் உசுப்பிவிட்டது.

"அங்க முக்கால்வாசிச் சனம் வெளியாக்கள். ஒரு பிரச்சினை எண்டால் எல்லாரும் எயார்போட்டுக்கு ஓடுவினம். பிறகு அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள்ள ஆர் இருப்பினம்? ஒரு மாசம் தாங்காது."

கௌரியின் முகம் கறுத்தது. விசாலிக்கு அது பாயாசமாய் இனித்தது. சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"குவைத்திலயும் வெளியாக்கள்தானே கூட?"

"ஓம், ஆனா..."

"தொண்ணூறாம் ஆண்டு ஈராக் குவைத்தைப் பிடிக்கேக்க என்ர சிநேகிதன் றேமண்ட் அங்கயிருந்துதானே ஓடி வந்தவன். ஜோர்தான் வரைக்கும் லொறியில. நான் அதை யோசிக்கவே இல்லை, பார்." எழுந்து கை கழுவிவிட்டுப் போனை எடுத்தார். "புரோக்கரிட்ட வேண்டாமெண்டு சொல்லுவம்."

"அப்பா, நான் கத்தாரைத்தான் சொன்னனான்!"

"கௌரிக்கு எழுத்து முடிஞ்சுது, இனி ஒண்டும் செய்யேலாது. உன்ரது இன்னும் கதைதானே."

"குவைத்தில வெளியேற ரெண்டு பாதை இருக்கப்பா."

"ஓடுறதுக்குப் பாதை பார்க்கிற நாட்டுக்குப் பிள்ளையை ஏன் அனுப்ப வேணும்?"

போனில் மணி அடிக்கத் தொடங்கியது. விசாலி கௌரியைப் பார்த்தாள்.

கௌரி அப்பளத்தை ஆற அமர நொறுக்கினாள். "சித்தப்பா, போனை வையுங்கோ. ரெண்டும் ஒரே மாதிரி நாடுதான். தோஹாவுக்கு ஒண்டும் நடக்காதெண்டால் குவைத்துக்கும் நடக்காது. எல்லாம் வாசிக்கிறது விசாலிதானே, அவளையே கேளுங்கோ. தோஹாவுக்கு ஏதும் நடக்குமோடி?"

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஒண்டும் நடக்காது," என்றாள் விசாலி.

"பலமாச் சொல்லு, என்ர அம்மாவுக்குக் கேக்கேல்லையாம்."

"தோஹாவுக்கு ஒண்டும் நடக்காது. நல்ல பலமான இடம்."

அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடியும் வந்து அமர்ந்தார். கௌரி விசாலியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். விசாலி தலை குனிந்து சாப்பிட்டாள். மனதுக்குள், அந்தப் பல்கனி வீட்டின் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.