பசியாறிப் போனாயே

என் மனைவி பெட்ரிசியா நாற்பத்தைந்து வயதில் புது ஆல்பம் போடுகிறாள் என்று தெரிந்ததும், பாரோயில் எங்கள் வரிசை வீடுகளில் கிண்டலுக்குக் குறைவில்லை. "என்ன யாகப்பன், இனிமே பஸ் ஓட்ட வேணாம்லா, ஒய்ஃபுக்கு மேனேஜர் ஆயிருங்க" என்றார் பக்கத்து வீட்டு நல்லசாமி. இன்னொருத்தர் போஸ்டரை உற்றுப் பார்த்துவிட்டு, இது பழைய படமா என்று அக்கறையாக விசாரித்தார். நான் பல்லைக் காட்டி வைத்தேன். உள்ளே மூக்குக்கு மேல் கோபம்.

அறுபது வயது ஹீரோ காலேஜ் பையனாக வந்து மரத்தைச் சுற்றினால் விசிலடிக்கிற ஆட்கள்தான் இவர்கள். ஒரு பொம்பளை நாற்பதைத் தாண்டிப் பாடினால் மட்டும் இவர்களுக்கு வயசு ஞாபகம் வந்துவிடும்.

பெட்ரிசியா பத்தொன்பது வயதில் ஒரு கேசட் போட்டவள். ரோஸ் கலர் ஜீன்ஸ் போட்டு, ஒரு மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு அட்டையில் நிற்பாள். அதில் ஒரு பாட்டு ரேடியோவில் அடிக்கடி வந்தது. அப்புறம் அடுத்த கேசட், அது ஓடவில்லை. அப்புறம் நான், குழந்தைகள். இப்போது சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். அவள் "நம்பர் பதினெட்டு" என்று கூப்பிட்டால், கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும் ஆள்கூட நிமிர்ந்து, "நீங்க அந்த பெட்ரிசியாவா?" என்று கேட்பானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

லோபாக்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பிரெண்டன்தான் அவளை உசுப்பிவிட்டான். "அக்கா, ஒங்க வாய்ஸ் இப்பத்தான் சூப்பரா இருக்கு. ஆறு பாட்டு, சும்மா ட்ரை பண்ணிப் பாப்போம்லா" என்றான். இசை அவன் போட்டான். வரிகளை மெட்ராஸில் யாரோ ஒரு கவிஞர் எழுதி போனில் அனுப்பினார். அந்த ஆளை இன்றுவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை.

பதிவெல்லாம் முடிந்த அன்றைக்கு என்னிடம் சொன்னாள். "ஏங்க, இதுவும் சிரிப்பாப் போச்சுன்னா, இதோட விட்டுருவேன். அப்புறம் கிளினிக்ல நம்பர் கூப்புடுறதோட சரி. மைக்கையே தொடமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அவளைத் தெரியும். பாத்திரம் கழுவும்போதுகூட முனகிக்கொண்டே இருக்கும் பெண் வாயை மூடிவிட்டால் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பது? அதை நினைத்தாலே பயமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதுவும் காலையில் பேசவே மாட்டேன். பேக்டரி பஸ் ஓட்டுகிறவன், இருட்டோடு கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பேச என்ன இருக்கிறது?

வெளியீட்டு விழா எங்கே வைப்பது என்று யோசித்தபோது, அவளே தோட்டத்தைச் சொன்னாள். சி ரூசா கடற்கரை ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் அது, அவள் பிறந்த இடம். அங்கே இப்போது இருப்பது கொஞ்சம் குடும்பங்கள்தான். ஆனால் அந்தோணியார் திருநாளுக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் காரில் வந்து இறங்கிவிடுவார்கள். இந்துக்களும் வருவார்கள். காலையில் பூசை, பிறகு கோயில் பக்கத்துக் கொட்டகையில் எல்லாருக்கும் பசியாறல், அது நடக்கும்போதே பெட்ரிசியாவின் பாட்டு. கோயில் கமிட்டி தேவன் அப்படி ஏற்பாடு செய்திருந்தார்.

எங்கள் நாட்டுத் தமிழ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. இட்லியோ, ரொட்டி சானாயோ, நாசி லெமாக்கோ, காலையில் வாயில் போட்டால் அது பசியாறல். காலையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" மத்தியானம் அதையே வாயில் போட்டால் அது சாப்பாடு.

தேவன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். "எல்லாரும் பசியாறிட்டுத்தான் போகணும்! யாரும் பசியாறாம போயிராதீங்க! பார்க்கிங்ல நிக்கிறவங்க, வாங்க, வந்து பசியாறுங்க!" என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, "இப்ப நம்ம தோட்டத்துப் பொண்ணு பெட்ரிசியா" என்று மைக்கைக் கொடுத்தார்.

கறுப்பு ஜீன்ஸ், சிவப்பு பிளவுஸ். என் கண்ணுக்கு ராணி மாதிரி இருந்தாள். பிரெண்டன் கீபோர்டில் சோகமாக ஒரு இழை இழுத்தான். அவள் கண்ணை மூடினாள்.

"விழியாலே பசியாறிப் போனாயே... ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே..."

காதலன் அவள் அழகைக் கண்ணாலேயே பருகி, பசி தீர்ந்ததும் போய்விட்டான். மெட்ராஸ் கவிஞர் அப்படித்தான் எழுதியிருந்தார். அங்கே அது கவிதை. இங்கே, கையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேர் நடுவில்?

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இன்னும் போகலக்கா! இப்பத்தான் தட்டு எடுத்தேன்!"

கொட்டகையே அதிர்ந்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவர் முதுகில் நாலு பேர் தட்டினார்கள். "கண்ணால எப்புடிடா பசியாறுறது, சம்பல் காரம் எரியாதா?" என்று இன்னொருத்தன் கேட்டான்.

நீங்கள் கேட்கலாம், இத்தனை நாள் பாடிப் பழகியவளுக்கு அது காதில் விழவில்லையா என்று. விழவில்லை. எங்களுக்கு வீட்டுத் தமிழ் வேறு, பாட்டுத் தமிழ் வேறு. பாட்டில் நிலா வந்தால் யாராவது வானத்தை அண்ணாந்து பார்க்கிறோமா? பிரெண்டனுக்கோ தமிழ் வாசிக்கவே வராது. நானும் குளியலறைக் கதவு வழியாக ராகத்தைத்தான் கேட்டிருந்தேன்.

பெட்ரிசியா பாட்டை நிறுத்திவிட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது. மைக்கைப் பிடித்திருந்த கை கீழே இறங்க ஆரம்பித்தது. முடிந்தது, அந்த மைக்கைக் கீழே வைத்தால் இனி எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று எழுந்தேன். கூட்டத்தில் நின்றது நான் ஒருத்தன்தான். கையில் பாதி தின்ற இடியாப்பத் தட்டு.

அவள் என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள் மைக்கில். "எனக்கே இப்பத்தான் காதுல விழுந்துச்சு. மெட்ராஸ்ல ஒருத்தரு காதலனப் பத்தி எழுதுனாரு. ஆனா இது அவன் இல்ல. அந்தா, தட்டோட நிக்கிறாரே எங்க வீட்டுக்காரரு, அவருதான். விடியிறதுக்குள்ள எந்திரிப்பாரு. பசியாறுவாரு. தட்டக் கழுவி வைப்பாரு. பஸ்ஸ எடுத்துட்டுப் போயிருவாரு. ஒரு வார்த்த வராது. இருபது வருசமா!"

முந்நூறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "எங்க வீட்டுல கழுவக்கூட மாட்டாரு!" என்று இன்னொன்று.

பெட்ரிசியா பிரெண்டனைப் பார்த்துத் தலையசைத்தாள். மறுபடியும் அதே சோக இழை. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஒரே ஒரு சொல்லை மாற்றினாள்.

"விடியாமல் பசியாறிப் போனாயே... ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே..."

யாரும் சிரிக்கவில்லை. பழைய கேசட்டில் அவள் மெட்ராஸ் பாடகிகள் மாதிரி மூக்கால் பாடுவாள். இது அவளுடைய சொந்தக் குரல். கொஞ்சம் கனத்து, ஓரத்தில் கரகரப்பாக, சமையல்கட்டிலிருந்து என்னைக் கூப்பிடும் அதே குரல். இரண்டாம் தடவை அந்த வரி வந்தபோது பெண்கள் கூடவே பாடினார்கள். மூன்றாம் தடவை புரையேறிய கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது என்று பிறகு சொன்னார்கள். இவள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு அளவே இல்லை. அதை இருபது வருஷமும் தட்டைக் கழுவி வைத்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பென்டிரைவில் போட்டு வைத்திருந்த ஆல்பம் அத்தனையும் அங்கேயே விற்றுத் தீர்ந்தது. பிரெண்டன் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பதிவு செய்தான். இப்போது என் பஸ்ஸில் ஏறும் பெண்கள் ஒருத்தி விடாமல், "அண்ணே, பசியாறியாச்சா? சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நல்லசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகிறார். ராகம் சுத்தமாக வராது.

திருநாளுக்கு மறுநாள் காலை. வெளியே இருட்டு. தோசை வைத்தாள். பசியாறினேன். தட்டைக் கழுவி வைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றேன். ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெட்ரிசியா" என்று ஆரம்பித்தேன்.

"வேணாங்க" என்றாள் அடுப்புப் பக்கமிருந்து, திரும்பாமலே. "நீங்க பேச ஆரம்பிச்சிட்டா, அடுத்த ஆல்பத்துக்கு நான் எதப் பாடுறது?"

அடுத்த ஆல்பம் என்றாள்! எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன்.