எட்டாவது புத்தகம் வரவில்லை

...காசுகூட வாங்கவில்லையாம், அதுதான் கலைமணிக்கு இன்னும் பிடிபடவில்லை, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிவிட்டான் என்பதற்காக மாற்று டிரைவர் ரங்கனோடு முகம் கொடுத்தே பேசாமல் இருந்த மனுசன், அத்தனை காமிக்ஸையும் இரும்புப் பெட்டியோடு சேலம் வரைக்கும் தூக்கிவந்து ஒரு பழைய புத்தகக் கடையில் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றால்... வேறு யாராவதாக இருக்கக் கூடாதா, சங்ககிரியில் தடுக்கி விழுந்தால் ஒரு லாரி டிரைவர் மேல்தான் விழ வேண்டும், அவர்களில் காமிக்ஸ் பைத்தியம் இன்னொன்று இருக்காதா என்ன? ஆனால் மடியில் கிடக்கிற புத்தகத்துக்கு லாரி சீட்டு உறையில் மிஞ்சிய பிளாஸ்டிக்கை வெட்டி அட்டை போட்டிருக்கிறதே, ஓரத்தைக் கோணி ஊசியால் தைத்திருக்கிறதே, அந்தத் தையல் அவளுக்குத் தெரியாதா, அந்த ஊசியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டியவள் அவள்தானே. அவள் புருசன் தனபாலின் கைதான். பஸ் கொண்டலாம்பட்டியைத் தாண்டி சங்ககிரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்துச் சீட்டு அம்மாள் தட்டைப்பயிறு பையைக் காலடியில் நகர்த்தி வைத்துவிட்டு, படக்கதை வைத்திருக்கிற இவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவரை அசத்திவிடலாம் என்றுதானே கிளம்பினாள். முதுகு வலி என்று லாரியை ரங்கன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து, ம், சரி, வேண்டாம், இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குப் பேச்சு வருகிற விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், காமிக்ஸில் வருகிற அந்த இரவுச் செவியன், யாருக்கும் தெரியாத ஒரு மாயாவி, எந்நேரமும் அழுதுவடிகிற மூஞ்சி, அதையாவது படித்துவிட்டுச் சோறு போடும்போது தெரியாத மாதிரி ஒரு கேள்வி கேட்டால் மனுசன் வாய் திறக்க மாட்டாரா? பெட்டி எங்கே என்றதற்கு லாரியிலேயே கிடக்கிறது என்றார், லாரியோ நாக்பூர் போயிருக்கிறது, சரி என்று சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். கடைக்கார மருதாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அவனையெல்லாம் கேட்டு யாருமே வரமாட்டாங்களே அம்மிணி" என்றார். எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது என்று இவள் கேட்டதும், "ஒண்ணுல ஆரம்பிச்சா அலுத்துப் போயிருமுங்க, ஓடுவான், அடிப்பான், அவ்வளவுதான், ஏழுல ஆரம்பிங்க. நாஞ் சொல்லலீங்க, போன வாரம் ஒரு டிரைவரு பெட்டியோட கொண்டாந்து குடுத்தாரு, யாராச்சும் எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா ஏழைக் குடுங்கன்னாரு. காசு நீட்டுனேன், வாங்கலீங்க. இனி எனக்கு வேண்டியதில்லீங்கன்னு போயிட்டாரு." எட்டு இருக்குங்களா என்று கேட்டாள். "எட்டு வரவே இல்லீங்க அம்மிணி, விக்கலைன்னு நிறுத்திப்புட்டாங்க."

இனி வேண்டியதில்லை என்றால்... என்ன அர்த்தம் அதற்கு? படி, படி, படித்தால்தானே தெரியும். இந்த இரவுச் செவியனுக்கு ஊரில் எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் காதில் விழும், ஓடிப்போய்க் காப்பாற்றுவான், அப்படி யாரையோ காப்பாற்ற ஓடுகிற ஓட்டத்தில் குறுக்கே வந்த ஒரு டீக்காரரை இடித்துக் கொன்றுவிட்டிருக்கிறான், அதற்குப் பிறகுதான் ஏழாவது புத்தகமே தொடங்குகிறது, கோர்ட்டில் உன் மேல் தப்பில்லை என்கிறார்கள், ஊரே தப்பில்லை என்கிறது, தோளைத் தட்டி மாலை போடுகிறது... கலைமணி புத்தகத்தைப் படாரென்று மூடினாள், எங்கள் வீட்டு விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் திறந்தாள். சேந்தமங்கலம் பிரிவில் மொபெட்டில் பால் கேனோடு தனபால் லாரிக்குக் குறுக்கே வந்தவர், ஒரே நொடி, போலீசும் டிரைவர் மேல் தப்பில்லை என்றுதான் சொன்னது, அதோடு முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள், லாரிக்குப் புது பம்பர் மாட்டி, பெயின்ட் அடித்து, முனியப்பன் கோயிலுக்கு ஓட்டிப்போய்ச் சேவல் அறுத்து, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, இனித் தோசம் கழிந்தது என்றார்கள். பம்பரில் கறுப்புக் கயிறு கட்டியது இவள்தான். அவர் கையில் கட்டினாளா? லாரிக்கு எல்லாச் சாங்கியமும் நடந்தது, ஓட்டியவருக்கு என்ன நடந்தது? துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார், டயரடியில் எலுமிச்சை நசுங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண் கூசுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாளே, புத்தி கெட்டவள், அன்றைக்கு வெயிலே இல்லையே.

கடைசிப் பக்கத்தில் இரவுச் செவியன் முகமூடியைக் கழற்றி மடித்து, ரோட்டோரப் பழைய துணிக்காரரிடம் சும்மா கொடுத்துவிட்டு நடக்கிறான், பாலம், முதுகு மட்டும் தெரிகிறது, அடியில் தண்ணீர், தொடரும் என்று போட்டிருக்கிறது. தொடரவில்லையே, அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார்களே பாவிகள். கைக்கடிகாரத்தைக்கூட ரங்கனுக்குக் கொடுத்துவிட்டாரே, நாக்பூர் வெயிலில் மணி பார்க்க வேண்டாமா என்று சிரித்தாரே, இன்று காலையில் இவள் கிளம்பும்போது பத்திரமாப் போயிட்டு வா சாமி என்றாரே, என்றைக்கு அவர் இவளைச் சாமி என்று கூப்பிட்டிருக்கிறார், அதைக் கேட்டுப் பூரித்துப் போய் பஸ் ஏறினாளே... போனை எடுத்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். பயமாக இருந்தது, வேறெதுவும் இல்லை, வெறும் பயம். எடுத்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கிருக்கறீங்க?"

"ஊட்டுலதான்."

பின்னால் ஒரு லாரி ஆரன் நீளமாகப் போனது. வீடு பைபாஸை ஒட்டித்தான், எந்நேரமும் ஆரன் கேட்கும், பைபாஸ் பாலத்தில் நின்றாலும் இதே ஆரன்தான் கேட்கும். என்ன கேட்பது, தைலம் தேய்த்தீர்களா, சாப்பிட்டீர்களா, தினமும் கேட்கிற அதையேவா? வாயில் வந்தது வேறு.

"அந்தப் பால்காரரு பேரு என்னங்க?"

பக்கத்து அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"தங்கசாமி" என்றார். அப்புறம், "அவருக்குக் காது சுத்தமாக் கேக்காதாம் கலை. நான் ஆரன் அடிச்சேன், அடிச்சுக்கிட்டேதான் வந்தேன்..." குரல் உடைந்து, நின்று, மறுபடி வந்தது, எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க, கேக்குது. நான் வார வரைக்கும் வெக்காதீங்க, சொல்லுங்க." கண்டக்டர் மகுடஞ்சாவடி என்று குரல் கொடுத்தார், இரண்டு பேர் இறங்கினார்கள், சங்ககிரிக்கு இன்னும் தூரம் கிடந்தது, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செத்துப்போனவருக்குக் காது கேட்காது என்று இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள், போலீசு சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை... அந்தத் தங்கசாமி வீட்டு வாசலுக்கு யாருக்கும் தெரியாமல் எத்தனை தடவை போய் நின்றிருப்பார், வலிக்கிறது என்று இவள் தினமும் தைலம் தேய்த்துவிட்ட அந்த முதுகோடு.