வட்டத் துளை

"எழுதிக் கொடுங்க சார்."

சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே தபால் பிரிவு பங்கஜம் மாமி என்னைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய் எச்சரித்த வார்த்தை இது. "லீவு கேளு, ஃபேன் கேளு, சண்டைகூடப் போடு. வாயால சொன்ன உத்தரவை எழுத்துல குடுங்கோன்னு மட்டும் எந்த ஆபீசர்கிட்டயும் கேட்டுடாதேடி. கொலை பண்ணினவாளைக்கூட மன்னிப்பா."

சூப்பரின்டெண்டென்ட் மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா கேட்டே?"

"அட்டை எல்லாத்துக்கும் மூலையில துளை போட்டு டேக் கயிறு கட்டச் சொன்னீங்களே, போன மாசம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அப்புறம் நான் இதுல போடுறேன்."

'இது' என்பது அவர் மேஜையில் இருந்த டைப் அடித்த தாள். என்னோடு வேலை பார்க்கும் ஷம்ஷாத் பஞ்ச் செய்த அட்டைகளில் பிழைகளைக் கண்டேன், சொன்னேன், அவள் திருத்தவில்லை என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது. கீழே 'எம். சுந்தரவல்லி, பி.எஸ்ஸி.' டிகிரியைக்கூட விடவில்லை. பொய்க்கும் குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு கடைக்காரர்களின் விற்பனை வரிக் கணக்கெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில் என்று அரசாங்கம் சொன்னது எழுபத்து மூன்றாம் வருஷம். கம்ப்யூட்டர் எங்களிடம் கிடையாது. கிண்டியில் ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு இருந்தது. எங்களிடம் இருந்தவை இரண்டு மிஷின்கள். ஒன்றில் ஷம்ஷாத் ஒவ்வொரு கடையின் பதிவு எண்ணையும் விலாசத்தையும் அடித்தால் அட்டையில் சின்னச் சின்னத் துளைகள் விழும். அதே அட்டையில் அதையே இன்னொரு மிஷினில் நான் அடிப்பேன். துளையும் நான் அடித்ததும் ஒத்துப்போகாவிட்டால் மிஷின் நின்றுவிடும். தப்பு தப்பிக்க வழியே கிடையாது. டைப்பிஸ்ட் வேலைதானே, பொம்பளைகள் பண்ணட்டும் என்று ஆண்கள் யாரும் அந்த அறைப் பக்கம் வரவில்லை. மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்த நாளில் மட்டும் போட்டோவில் முன்வரிசை முழுக்க அவர்கள்தான்.

பதினோராயிரம் அட்டைகள் முடிந்து, கிண்டிக்கு அனுப்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். மாணிக்கவாசகம் வந்தார்.

"என்ன இது, சீட்டுக்கட்டு மாதிரி லூஸா? டேக் போடாத காகிதம் இந்த ஆபீசை விட்டு வெளிய போனதே கிடையாது."

"சார், இந்த மிஷினுக்குத் துளைதான் எழுத்து. கூட ஒரு துளை போட்டா வேற எழுத்தாப் படிச்சுடும்."

"மூலையிலதானே போடப் போறோம்? நடுவுலயா போடுறோம்?"

"அந்த மூலையிலதான் சார் பதிவு எண்ணே ஆரம்பிக்குது."

"முப்பது வருஷமா ஃபைல் கட்டறவன் நான். பி.எஸ்ஸி. வந்து எனக்கு டேக் கட்டக் கத்துக் குடுக்குது, பாருங்கய்யா!"

அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்காகவே பின்னால் நிற்பவர்கள்.

பியூன் வெள்ளைச்சாமி இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையிலும் கையால் துளை போட்டான். "இன்னாம்மா இது, மிஷின் போட்ட ஓட்டை பத்தலையா? கை வீங்கிக் கீது" என்றான். நூறு நூறாக டேக் கட்டி, முடிச்சுப் போட்டு, கிண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே டேக்கை வெட்டிவிட்டு அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். பதிவு எண்ணின் முதல் இலக்கத்தோடு அந்த வட்டத் துளையும் சேர்ந்து, இலக்கம் இங்கிலீஷ் எழுத்தாகிவிட்டது. இப்படி ஒரு எண்ணே கிடையாது என்றது கம்ப்யூட்டர். அது பாவம், உள்ளதைச் சொன்னது. ஒரே வட்டாரத்தில் இத்தனை ஆயிரம் கடைகளுமா பதிவில்லாமல் நடக்கும் என்று யோசிக்கக்கூட எங்கள் ஆபீசில் ஒரு மண்டை இல்லை. பதிவில்லாமல் கடை நடத்துவதாக அத்தனை பேருக்கும் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை வாசலில் கூட்டம். ஆளுக்கொரு கண்ணாடி பிரேம், உள்ளே எங்கள் ஆபீஸ் கொடுத்த பதிவுச் சான்றிதழ். கடையில் சாமி படங்களோடு மாட்டி வைத்ததைக் கழற்றி, சந்தனம் குங்குமத்தோடு அப்படியே தூக்கிவந்திருந்தார்கள். மயிலாப்பூர் லஸ்ஸில் குடைக்கடை வைத்திருக்கும் மெஹபூப் அலி கவுண்டரில் பிரேமை வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்கப்பா காலத்துலேந்து சொவத்துல தொங்கிக்கினு கீது. நான் பதிவே பண்ணலியாமே? அப்ப வருஷா வருஷம் வந்து டீ குடிச்சிட்டுப் போன இன்ஸ்பெக்டரு இன்னா, பக்கத்து வூட்டு மாப்ளையா?"

மேலிடம் விளக்கம் கேட்டது. அதற்கு ஒரு பெண் தேவைப்பட்டாள்.

ஷம்ஷாத்துக்கு வயது இருபது. தற்காலிக வேலை. மீர்சாகிப்பேட்டையில் அவளும் அம்மா அமீனா பீயும் மட்டும். கவனக்குறைவு என்று ஃபைலில் ஏறிவிட்டால் வேறெந்த சர்க்கார் ஆபீசும் அவளைச் சேர்க்காது. சரிபார்த்தவள் நான் என்பதால் என் கையெழுத்து இல்லாமல் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. விஷயம் தெரிந்ததும் அவள் சொன்னாள், "போட்டுடுங்க அக்கா. ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தராவது இருங்க." எனக்கு அவள்மேல்தான் முதலில் கோபம் வந்தது. இப்படிப் பெண்கள் கிடைப்பதால்தான் அப்படி ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணிக்கவாசகம் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் உனக்குப் புரொபேஷன் முடியுது. உங்க குடும்பத்துலயே நீதான் முதல் டிகிரி. உங்கப்பா அசோக் நகர்ல வெள்ளையடிக்கிறவர்தானே? யோசிம்மா."

"ஆமா சார். எந்தச் சுவத்துக்கு எத்தனை கோட்டுன்னு தெரிஞ்சு அடிக்கிறவரு."

"திமிரு."

"எங்க மிஷின் போடுற துளை நீளச் சதுரம். டேக் துளை வட்டம். கிண்டியிலேந்து திரும்பி வந்த எல்லா அட்டையும் உங்க பீரோவுலதான் பூட்டியிருக்கு. திறந்து பாருங்களேன்."

அவர் பீரோ பக்கம் திரும்பவேயில்லை. "எழுத்துல கேக்கற பொண்ணு இந்த ஆபீஸ்ல நிலைச்சதில்ல, தெரிஞ்சுக்கோ."

"அப்ப எழுத மாட்டீங்க."

"வெளிய போ!"

அப்பாவை அவர் இழுத்தபோதே எனக்கு முடிவாகிவிட்டது. மீதியெல்லாம் நடக்க வேண்டிய வேலை. அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்தேன். தபால் பிரிவில் நின்றபடியே அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: அவர் சொன்ன தேதி, நான் தடுத்தது, அவருடைய பதில் சொல்லுக்குச் சொல். ஷம்ஷாத் அட்டைகளில் ஒரு பிழையும் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால் வருவேன், வேலைக்கு வரமாட்டேன். கையெழுத்துப் போட்டுப் பங்கஜம் மாமியிடம் நீட்டினேன். தபால் ரிஜிஸ்டரில் எண் ஏறிய காகிதத்தை எந்தக் கொம்பனாலும் தொலைக்க முடியாது. தொலைத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாமி படித்தாள். "அசடே, ஒரு வாரம் பொறுத்தா பர்மனென்ட் ஆயிருப்பியே. ஆத்துல என்னடி சொல்லுவே?"

"நம்பர் போடுங்க மாமி."

அவள் சூப்பரின்டெண்டென்ட் அறைக் கதவைப் பார்த்தாள். ரிஜிஸ்டரைத் திறந்தாள். எண் எழுதினாள். முத்திரையை ஒரு தடவை குத்தினால் போதும். இரண்டு தடவை ஓங்கிக் குத்தினாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. நான் படி இறங்கும்போது வெள்ளைச்சாமி பின்னால் ஓடிவந்தான். "எம்மா, ஐயா அந்தத் தாளைக் கேக்கறாரு."

"நம்பர் போட்டாச்சு. தபால்ல எழுதிக் கேட்டு வாங்கிக்கச் சொல்லு."

மணி இரண்டரை. பர்மிஷன் சீட்டு வாங்காமல் உஸ்மான் ரோட்டில் இறங்கி நடந்தேன்.