யந்திரக் கையைப் பிடித்தவர்

இரும்பு பீரோ செய்கிற அந்தத் தொழிற்சாலையில் மூன்று பெயிண்டர்கள். இரண்டு பேர் புத்திசாலிகள். இந்தக் கதை மூன்றாமவரைப் பற்றியது.

புதிதாக வந்து இறங்கிய யந்திரக் கைக்குத் தானாக ஒன்றும் தெரியாது. தொழில் தெரிந்த ஒருவர் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் அடித்துக் காட்ட வேண்டும். எங்கே வேகம், எங்கே நிதானம், மூலையில் எப்படித் திரும்புவது, எல்லாவற்றையும் அது மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு ஆளே வேண்டாம். இது தெரிந்ததும் மூன்று பேரும் கூடி, ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஓங்கி மேசையைத் தட்டி ஆமோதித்தவர் நம்மவர்தான்.

அன்று சாயங்காலம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே சேர்த்துவிட்டது இவர். இப்போது அவன் இவருக்கே சூப்பர்வைசர்.

"மாமா, மெஷினைப் பார்த்துக்க ஒரு ஆபரேட்டர் வேணும். கத்துக்குடுக்கிறவருக்குத்தான் அந்த வேலை. ஏசி ரூம். மூக்குல துணி கட்ட வேணாம்."

"மேசையைத் தட்டிட்டேனேப்பா."

"மேசை என்ன கோர்ட்டுக்கா போகப்போகுது?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மறுநாளே கையைப் பிடித்தார். மற்ற இருவரும் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அது வியர்க்காமல் நிற்கிறது, ஊரே அதைச் சுற்றி நின்று உபசரிக்கிறது என்று யந்திரத்துக்கு 'புது மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துப் பார்த்தார். சிரிக்க ஆளில்லை.

ஒரே ஒரு நாள் எல்லோரும் சிரித்தார்கள். பீரோ முடிந்ததும் இரண்டடி பின்வாங்கி, அழகு பார்த்தபடி தொப்பையைச் சொறிவது அவர் வழக்கம். அப்போதும் யந்திரத்தின் மணிக்கட்டை விடவில்லை போலிருக்கிறது. முதன்முதலாகத் தனியே விட்டபோது, அது பீரோவைப் பளபளவென்று முடித்துவிட்டுப் பின்வாங்கி, தன்னிடம் இல்லாத தொப்பையைச் சாவகாசமாகச் சொறிந்தது. "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

சொறிவதை அழிக்க வந்த டெக்னீஷியன், வேலை முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. தன் வேலை போகும்னு தெரிஞ்சும் யார் சொல்லிக்குடுப்பா?"

"எனக்குத்தானே ஆபரேட்டர் வேலை?"

டெக்னீஷியன் குலுக்குவதை நிறுத்தினான். "ஆபரேட்டர் உங்க சூப்பர்வைசர் சார். மெஷின் வர்றதுக்கு முன்னாடியே எங்க கம்பெனில வந்து தங்கி ட்ரெயினிங் முடிச்சிட்டாரே."

சிநேகிதன் கல்யாணம் என்று சொல்லிவிட்டு மச்சான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தது இதற்குத்தான். போவதற்குப் பெட்டி கொடுத்தவர் இவர். பூட்டு சரியில்லை என்று புதுப் பூட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உன் தம்பி யார் கல்யாணத்துக்குப் போனான்?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். "சூப்பர்வைசர் வேலையும் இனி கிடையாதுன்னுட்டாங்களாம். கத்துக்குடுக்க ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுத்தா இவனை மட்டும் வச்சுக்கறோம்னாங்களாம். கைக்குழந்தைக்காரன். என் கையைப் பிடிச்சுட்டு அழுதான்."

"அப்ப நான்?"

"நீங்க எதையும் சிரிச்சுக்கிட்டே தாங்கிடுவீங்கன்னு நினைச்சேன்."

மச்சான் ஏமாற்றியது முதுகில் விழுந்த அடி. வலித்தாலும் எங்கே என்று தெரிந்தது. மனைவி சொன்னது எங்கே விழுந்தது என்றே அவருக்குப் புரியவில்லை. வீட்டில் நாலு பேர் முகம் மலரட்டும் என்று காலமெல்லாம் கோமாளி வேஷம் கட்டியதற்கு, இவனை அடித்தால் வலிக்காது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பெயிண்டர்களையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். வாசலில் மற்ற இருவரும், வழியில் கிடக்கும் டப்பாவைச் சுற்றிக்கொண்டு போவதுபோல, அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் மச்சான் பழங்களோடு வந்தான்.

"மாமா, கட்டில் மாடல் புதுசா போடறாங்க. மெஷின் முழிக்குது. ரெண்டு நாள் வந்து கையைப் பிடிச்சீங்கன்னா போதும். கூலி வாங்கித் தர்றேன்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். எப்போதும்போல் ஏதாவது சொல்லி இந்த இறுக்கத்தை அவிழ்த்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. அவரும் தேடிப் பார்த்தார். சாவு வீட்டில்கூட வாய் சும்மா இருக்காத மனுஷருக்கு ஒன்றும் வரவில்லை.

"வர மாட்டேன்."

"கோவமா மாமா?"

"ஆமா."

மச்சான் சிரித்தான். மாமா என்ன சொன்னாலும் சிரித்துப் பழகியவன். சிரித்து முடித்து, அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"சிரிக்காதடா" என்றாள் அக்கா.

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். "அப்ப கட்டிலுக்கு யார்க்கா பெயிண்ட் அடிக்கிறது?" என்றான். அவளுக்கும் தெரியவில்லை. கணவரிடம் திரும்பி, "சாப்பாடு போடட்டுமா?" என்று கேட்டாள்.