ஏற்றத்தில் நின்ற வண்டி

வண்டி மறுபடியும் நின்றது. மலைப்பாதையில் ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு தொடங்கும் முன்னால், சொல்லிவைத்தாற்போல நின்றது. முதலில் இழுவை குறைந்தது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எனக்கென்ன போச்சு என்று இருந்தது. பிறகு இரண்டு குலுக்கல், ஒரு இருமல், அவ்வளவுதான். கை பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கை ஓங்கி அறைந்தேன். வலித்தது எனக்குத்தான்.

"கோவப்படாதே," என்றார் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர்.

"கோவப்படாம? இதைத் தூக்கி வச்சுக் கொஞ்சச் சொல்றீங்களா?"

அவர் சட்டென்று இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனார். பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

எங்களுடையது பழைய டீசல் வேன். வீடும் அதுதான், கடையும் அதுதான். பின்பக்கம் இரண்டு தையல் மெஷின், இஸ்திரி போடும் பலகை, மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு. ஆலை வாசலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என்று எங்காவது நிறுத்துவோம். சீருடை கிழிந்தவர்கள், ஜிப் போனவர்கள், உடம்பு பெருத்துப்போய் அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் எல்லாம் வருவார்கள். தைப்பது அவர், ஓட்டுவது நான். அவருக்கு எட்ட இருப்பது சரியாகத் தெரியாது. எனக்கு ஊசியில் நூல் கோக்கும் பொறுமை கிடையாது. அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது, அதாவது வண்டி ஓடினால்.

அன்றைக்கு அது ஓடியே தீர வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் என் மகள் படுத்திருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, சாயங்காலம் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அவர் எந்தக் கடலில் இருக்கிறாரோ. அவள் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

காலையில் போனில், "கிளம்பிட்டோம்டி," என்றேன்.

"வரேன்னு சொல்லாதேம்மா," என்றாள். "அப்புறம் வண்டி நின்னுடுச்சும்ப. பள்ளிக்கூடத்துல எனக்குப் பரிசு கொடுத்த அன்னைக்கும் நின்னுச்சு. என் கல்யாணத்துக்கே நீங்க சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தீங்க. நான் பார்த்துக்கறேன், விடு."

"உன்னை உள்ளே கொண்டுபோறதுக்கு முன்னாடி உன் கையைப் பிடிச்சிருப்பேன். இல்லேன்னா என்னை அம்மான்னு கூப்பிடாதே."

"ம்," என்றாள். அந்த ம்மில் நம்பிக்கை மருந்துக்கும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பானெட்டைத் தூக்கினேன். இந்தப் புது வியாதி கொஞ்ச நாளாகத்தான் இருக்கிறது. டீசல் ஃபில்டரை மாற்றினேன். அடியில் தேங்கும் தண்ணீரை வடித்தேன். பேட்டரி ஒயரைச் சுரண்டி முடுக்கினேன். குளிரில் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக்குகளைப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு நன்றாக ஓடிக் காட்டிவிட்டு, நான் நிம்மதியானதும் நிற்கும். அரை மணி முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி கிளம்பும். என் நாத்தனார் குணம்.

மேலிருந்து இறங்கி வந்த ஒரு மெக்கானிக் தன் பிக்கப்பை ஓரம் கட்டினார். நல்ல மனுஷன்தான். எட்டிப் பார்த்தார், சாவியைத் திருகச் சொன்னார், உதட்டைப் பிதுக்கினார்.

"பம்ப் போயிடுச்சுக்கா. கழட்டி டவுனுக்கு அனுப்பணும். வாங்க, கயிறு கட்டிக் கீழே இழுத்துட்டுப் போயிடறேன். நாளைக்குக் காலையில பஸ் இருக்கு."

"நாளைக்கு எனக்கு எதுக்கு பஸ்? எனக்கு இன்னைக்கு மேலே போகணும்."

"இது மேலே போகாதுக்கா."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "அவர் சொல்றதும்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க வேணா இறங்கிப் போங்க. நான் நடந்தாவது ஏறுவேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அடம் புடிச்சா இன்ஜின் ஓடுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலே ஏறியதெல்லாம் சரக்கு லாரிகள். கை காட்டினேன். ஏற்றத்தில் நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு என்று ஒருவரும் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் வாயாரச் சொன்னேன்.

அரை மணி தாண்டியும் வண்டி கிளம்பவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். ஃபில்டர் தலையில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு, கையால் டீசலை இழுத்துக் கொடுப்பதற்கு. அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். அழுத்தினேன். எழவில்லை. பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. பம்ப் போயிருந்தால் டீசல் இங்கே வரைக்குமாவது வந்திருக்க வேண்டுமே. இங்கேயே வரவில்லை. டேங்கிலோ முக்காலுக்கு மேல் இருக்கிறது. எதுவோ டீசலை விடாமல் பின்னால் பிடித்து இழுக்கிறது.

இன்னொன்றும் உறைத்தது. டீசல் போட்ட கையோடு இந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. ஒருமுறை நடுவழியில், கேனில் மிச்சமிருந்த கொஞ்சத்தை ஊற்றினோம். ஒரு செம்பு கூட இருக்காது, அதற்கும் உடனே ஓடியது. அப்படியென்றால் டீசல் போட்டதால் ஓடவில்லை. மூடியைத் திறந்ததால் ஓடியிருக்கிறது!

"ஏங்க, டீசல் போடும்போது மூடியைத் திறக்கிறது யாரு?"

"நான்தான். நீதான் சீட்டை விட்டு இறங்கமாட்டியே."

"திறந்தா என்ன ஆகும்?"

அவர் முகம் மலர்ந்தது. "புஸ்ஸுன்னு சத்தம் வரும்! எவ்வளவு கச்சிதமா மூடியிருக்குன்னு எனக்கே பெருமையா இருக்கும்."

வண்டியைச் சுற்றி ஓடிப்போய் மூடியைத் திருகினேன். இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது டேங்க். ஒடுங்கியிருந்த தகரம் டொக்கென்று நிமிர்ந்தது. மூடியின் உள்பக்கம் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. அந்தக் கத்தரியை எனக்குத் தெரியாதா?

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. என் வீட்டுக்காரர் அதை அளவெடுத்து அடைத்திருந்தார்.

"எதுக்குங்க? எதுக்கு இதைச் செஞ்சீங்க?" கத்தியே விட்டேன்.

அவர் செருப்பைப் பார்த்தார். "போன தடவை வண்டியில வந்தப்ப நம்ம பொண்ணு வாந்தியா எடுத்தாளே. டீசல் வாடையே ஆகலைன்னாளே. குழந்தையைக் கூட்டிட்டு வரும்போது உள்ளே வாடை இருக்கக் கூடாதுன்னு பார்த்தேன். உங்கிட்ட சொன்னா, தைக்கிறவனுக்கு டேங்க்ல என்ன வேலைன்னு கேப்ப."

கேட்டிருப்பேன்தான். பிறக்காத பிள்ளைக்காக உட்கார்ந்து ரப்பர் வெட்டியிருக்கிறார், பாவி மனுஷன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

"பிய்ங்க அதை!"

தையல் பிரிக்கும் கத்தியால் பிய்த்தார். அவசரத்தில் மூடியின் சொந்த வாஷரும் கூடவே கிழிந்து வந்தது. இனி மூடி சரியாக உட்காராது. "பரவாயில்லை, துணி வச்சு லூஸா கட்டுங்க, அது மூச்சு விடட்டும்," என்றேன். நான் ஃபில்டரின் போல்ட்டைத் தளர்த்திக் குமிழை அழுத்தினேன். இப்போது எழுந்தது. அழுத்த அழுத்த எழுந்தது. முதலில் நுரை, பிறகு காற்றில்லாத டீசல் என் முழங்கை வரைக்கும் பீய்ச்சியடித்தது. போல்ட்டை முடுக்கிவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன்.

கொஞ்ச நேரம் முனகியது. பிறகு பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் நான் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி வீட்டுக்காரர் இன்றைக்கும் பேசமாட்டார். ஒவ்வொரு வளைவிலும் டேங்கிலிருந்து டீசல் தளும்பித் துணியில் ஊறியது. வண்டி முழுக்க வாடை. என் சட்டை, அவர் சட்டை, தைக்கக் கொடுத்த சீருடைகள் எல்லாம் நாறின. "இந்த வாடையோட அவகிட்ட எப்படிப் போறது?" என்று புலம்பினார். "வாடையாவது மண்ணாவது, கெட்டியா பிடிச்சுக்குங்க," என்றேன். உச்சியைத் தாண்டினோம். வண்டி நிற்கவில்லை. இறக்கத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் நிறுத்தியபோதுதான் நின்றது.

மாடிப்படியில் ஓடினேன். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைத் துணி போர்த்தி, கண்ணை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள் என் மகள். கூப்பிடப் பார்த்தேன். மூச்சு வாங்கியதில் குரலே வரவில்லை, கிட்டே ஓடிப்போய் நின்றேன்.

நர்ஸ்தான் முதலில் மூக்கைப் பொத்தினாள். "என்னம்மா இது, இந்தக் கோலத்துல வந்து நிக்கிறீங்க? முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

நான் கை கழுவத் திரும்பினேன். என் மகள் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் ஒருமுறை சுருங்கியது. பிறகு உதடு கோணியது, சின்னப் பிள்ளையில் அழும்போது கோணுமே, அதே மாதிரி.

"அம்மா," என்றாள், போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டி. "கழுவ வேண்டாம் சிஸ்டர். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."