மதினியின் கை வழியாக

எங்கள் ஊரில் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் கைகோத்துக்கொள்ள வேண்டும். போன்காரர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொள்வார், கம்ப்யூட்டர்காரர் ஒரு கையைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துக்கொள்வார், மிச்சமிருக்கும் இரண்டு கைகள் வழியாகப் படங்கள் போய்ச் சேரும். பெட்டியோடு வருகிற கேபிளை யாரும் வீணாக்குவதில்லை. கைக்குட்டை காயப்போட அது நல்ல கொடி.

யார் கையை வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. ஒரே பானைச் சோற்றைக் கொஞ்ச காலமாவது சேர்ந்து தின்றவர்களாக இருக்க வேண்டும். மனஸ்தாபம் இருந்தால் பாதியில் நின்றுவிடும். ரொம்ப மனசொத்தவர்களுக்குக் கைகூட வேண்டாம். கீழத்தெரு ஆவுடையப்பனும் பிச்சம்மாளும் அந்த ரகம். அந்தம்மா போனும் கையுமாக மாவு மில் வரிசையில் நிற்பார், இவர் வீட்டில் சட்டையில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் விசிறிக்கொண்டிருப்பார், படம் பாட்டுக்கு வந்து விழும். புதுசாகக் கல்யாணமானவர்களை முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், அடுத்தது இவர்கள் வீட்டுக்குத்தான். வாழ்ந்தால் அப்படி வாழணும்.

மாரீஸ்வரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் கல்யாண ரவிக்கைகளில் ஆரி ஊசியால் பூவேலை செய்கிறவள். என்ன வேலை என்கிறீர்கள், கண்ணை எடுக்க மனசு வராது. ஒரு பெண்ணுக்குப் போட்ட டிசைனை இன்னொருத்திக்குப் போடமாட்டாள். துணியிலேயே சாக்பீஸால் வரைந்து, தைத்து முடித்து, ஒரு படம் எடுத்துக்கொள்வாள். ரவிக்கை பெண்ணோடு போய்விடும். ஆகமொத்தம் அவள் இத்தனை வருஷம் கண்ணைக் கொடுத்துச் செய்ததெல்லாம் அந்த ஒரு போனில்தான் இருந்தது.

அந்தப் போன் ஒருநாள் பேட்டரி வீங்கிப் பூரி மாதிரி உப்பிவிட்டது. போன் கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை தாங்கினால் பெரிசு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாரீஸ்வரி கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளோடு ஒரே பானையில் சாப்பிட்டவர்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். புருஷனுடைய அக்கா, கோமதி மதினி. அந்த மதினியோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

தப்பு மாரீஸ்வரியுடையதுதான். மகள் தர்ஷினி பெரியவளானபோது முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. அத்தையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும். மாரீஸ்வரி போனிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். கோமதி கேட்டுக்கொண்டாள், வரவில்லை. அதன் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் வளையல் கடையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

மாரீஸ்வரி கதவைத் தட்டினாள். கோமதி வா என்று சொல்லவில்லை. உப்பிப்போன போனைப் பார்த்தாள், வழியை விட்டு விலகினாள், கம்ப்யூட்டரைப் போட்டாள், அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். அவள் பெருந்தன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். முகத்தைத்தான் அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள், கையைச் சரியாகவே நீட்டினாள்.

படங்கள் கிளம்பின. போகிற படம் உள்ளங்கைக்குத் தெரியும் என்பதால் கோமதியால் ரொம்ப நேரம் வீம்பாக இருக்க முடியவில்லை.

"மயிலா?" என்றாள் சுவரைப் பார்த்து.

"ஆமா மதினி."

"தோகை கூசுது."

அப்புறம் தாமரைக்குளம் போனது, அதில் மீன்கள் வழுக்கிக்கொண்டு போயின. கொத்துக் கொத்தாக மாங்காய்கள் போனபோது கோமதிக்கு வாயில் எச்சில் ஊறியது. தேர் ஒன்று வந்து மணிக்கட்டில் திரும்ப முடியாமல் நின்று, மெல்ல வளைந்து, முழங்கை வழியாக ஏறிப்போனது. கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி ஏதோ புத்தகத்தைப் பார்த்துப் போடுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். சின்னவளே, உன் கையில் தெய்வம் உட்கார்ந்திருக்கு என்று சொல்ல வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

அப்போது நின்றுவிட்டது.

திரையில் ஒரு படம் பாதி வந்து நின்றது. சடங்கன்று தர்ஷினி மனையில் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேலே அத்தையின் செம்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கோமதியின் கை ஜில்லென்று ஆனது. போனில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் பாதி டிசைன் உள்ளே இருந்தது.

மாரீஸ்வரி திரையில் மகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அடுத்த தெருதான். நடந்து வந்து கூப்பிட நேரமில்லைனு நெனச்சேன் பாருங்க, அது என் திமிரு மதினி. உங்க எடத்துல வேற யாரையும் நிக்க விடல. மொத செம்ப அப்படியே வச்சிட்டு ரெண்டாஞ்செம்புலதான் ஆரம்பிச்சோம். புள்ள வாசலையே பாத்துக்கிட்டிருந்தா."

கோமதி மூக்கை உறிஞ்சினாள். பிறகு விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

மிச்சமிருந்ததெல்லாம் அணை திறந்த மாதிரி வந்தது. அன்னங்கள், கொடிகள், யானை வரிசை, பாதியில் விட்ட ஒரு கிளி, எல்லாம் வந்து சேர்ந்தன. கடைசிப் படம் ஏறியதும் போன் ஒரு தடவை விம்மி அணைந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கையை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வந்தவர் போயிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் கைகள் பிரியும். மாரீஸ்வரி அதைச் சொல்லவில்லை. சொல்லு என்று கோமதியும் கேட்கவில்லை. இருவரும் அப்படியே அடுப்படிக்குப் போய், ஒருத்தி பாத்திரத்தைப் பிடிக்க ஒருத்தி தேத்தூள் போட, டீ குடித்தார்கள். சாயங்காலம் மாரீஸ்வரியின் புருஷன் சங்கரபாண்டியன் பெண்டாட்டியைத் தேடி வந்தான். பிரியாத கைகளைப் பார்த்தான். வீட்டுக்குத் திரும்பிப் போய், துணி மாட்டியிருந்த ஆரிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா வீட்டு ஜன்னலோரம் வைத்தான்.

ஆரி வேலையில் ஒரு கை மேலே ஊசி பிடிக்கும், இன்னொரு கை துணிக்குக் கீழேயிருந்து நூல் கொடுக்கும். இப்போது மாரீஸ்வரி மேலே ஊசி பிடிக்கிறாள், கோமதி இடது கையால் கீழேயிருந்து நூல் கொடுக்கிறாள்.