நடந்து வந்த போலோ

விடிந்தும் விடியாத நேரம். கரும்புக்காட்டுக்குப் போகும் சாலையில், போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு முன்னால் பெர்லிட்டா நின்றுகொண்டிருந்தாள். தேர்தல் முடியும்வரை ஆயுதத்தோடு யாரும் போகக்கூடாதாம். அவள் இடுப்பில் மர உறைக்குள் போலோ தொங்கியது. முழங்கை நீளக் கத்தி. கரும்பு வெட்ட, மீன் நறுக்க, பாம்பு வந்தால் ஒரே போடாகப் போட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

"இது ஆயுதம்" என்றார் போலீஸ்காரர் வில்லமோர்.

"நல்லா இருக்கு சார்! இதை வச்சு யாரை வெட்டப் போறேன்? இருபது வருசமா என் புருஷனையே விட்டு வச்சிருக்கேன்."

அந்த நேரம் பார்த்துக் கங்காணியின் லாரி வந்தது. இருபது ஆள், இருபது போலோ. வில்லமோர் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

"அதுல போறது மட்டும் என்ன, கரண்டியா?"

"அவங்ககிட்ட தோட்டத்துச் சீட்டு இருக்குக்கா. லாரியில போனா கருவி. நடந்து போனா ஆயுதம்."

"ஏழு மணிக்குள்ள வந்துரு பெர்லிட்டா!" லாரியிலிருந்து கங்காணி கத்தினார். "இல்லேன்னா உன் வரிசை வேற ஆளுக்கு!"

வெட்டின் கடைசி வாரம். இதை விட்டால் நாலு மாதத்துக்கு வேலை கிடையாது, உலையும் ஏறாது. 

"கரும்பு வெட்டுறவதான்னு காட்டு, பார்ப்போம்" என்றார் வில்லமோர்.

சாலையோரப் போலீஸ் கூடாரத்தைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லைச் சீவித் தள்ளினாள். புல்லை யார் வேண்டுமானாலும் வெட்டுவார்களே என்றார் வில்லமோர். ஒரு பச்சை மூங்கிலைச் சாய்த்தாள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், கயிற்றை எடுத்துவிட்டு அதையே சாலையின் குறுக்கே வைத்துக்கொண்டார். இன்னொரு போலீஸ்காரர் ஆறு இளநீரைக் கொண்டுவந்தார். அவற்றையும் சீவிக் கொடுத்தாள். கடைசியில் சுட்ட பன்றி ஒன்று முழுசாக வந்து இறங்கியது. எந்த வேட்பாளர் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. அதையும் எலும்பு தெறிக்காமல் துண்டு போட்டாள்.

வில்லமோர் மோவாயில் வழிந்த கொழுப்பைத் துடைத்தார். "சந்தேகமே இல்லக்கா. இது கருவிதான். போயிட்டு வா."

ஓட்டமாக ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. அவள் வரிசையில் கங்காணியின் மச்சான் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான்.

"போலீஸுக்குப் பன்னி வெட்டிக் குடுத்துட்டு வர்றேன்யா!"

"அப்போ கூலியை அங்கேயே கேளு" என்றார் கங்காணி.

அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பி நடந்தாள். கூடாரத்தில் ஆள் மாறியிருந்தது. புதுப் போலீஸ்காரர் மூங்கிலில் சாய்ந்தபடி அவள் இடுப்பைப் பார்த்தார்.

"நில்லு. என்ன அது, ஆயுதமா?"

பெர்லிட்டா மூங்கிலைப் பார்த்தாள். அவள் வெட்டிய முனையில் இன்னும் ஈரம் காயவில்லை.